வல்லரசுப் போட்டி வன்னிக்கு எந்த வழியால் வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனா, அமெரிக்கா, இந்தியா என்று எந்நேரமும் செய்தியில் போகிறது. எங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

முறிகண்டியில் வாகனத்தை நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பும் ஏ9 வீதி, போருக்குப் பின் சீனக் கடனில் புதுப்பிக்கப்பட்டது. பக்கத்தில் ஓடும் தண்டவாளத்தை இந்தியக் கடனில் இந்திய அரசின் இர்கோன் நிறுவனம் போட்டது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலால் பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 வீதியில் போக்குவரத்து அறுந்தபோது, 110 தொன் எடையும் 120 அடி நீளமும் உள்ள பெய்லி பாலத்தை (துண்டுகளாகக் கொண்டுவந்து பொருத்தும் இரும்புப் பாலம்) இந்தியா விமானத்தில் கொண்டுவந்து டிசம்பரில் பொருத்திக் கொடுத்தது.

வீதியும் பாலமும் எங்களுக்குத் தேவைதான், வேண்டாம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போட்டி நடக்கும் விதம் இதுதான். கடன், துறைமுகம், மின்சாரம், எண்ணெய்த் தாங்கி, நிவாரணம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு நாடு கால் வைக்கும், அடுத்த நாடு அதைப் பார்த்து இன்னொன்றில் கால் வைக்கும். யாருக்கு எதில் எத்தனை ஆண்டு உரிமை போகிறது என்பதை ஊர்ச்சனம் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கேள்வி பதில்கள்.

இந்தச் சின்ன நாட்டை ஏன் இத்தனை பேர் சுற்றுகிறார்கள்?

வரைபடத்தைப் பார்த்தாலே பாதி விளங்கும். வளைகுடாவிலிருந்தும் சூயஸ் வழியாகவும் மலாக்கா நீரிணைக்குப் போகும் பெரிய கப்பல்கள் இலங்கையின் தென் முனையைச் சுற்றியே போகின்றன. எங்கள் பக்கத்துப் பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது, பெருங்கப்பல் அதற்குள் வர முடியாது. சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போகும் எண்ணெயின் பெரும்பகுதி அந்தத் தெற்குப் பாதையில்தான் போகிறது.

மற்றது திருகோணமலை. இயற்கையாகவே ஆழமான துறைமுகம். அதன் பின்னால் இரண்டாம் உலகப் போர்க் காலத்து எண்ணெய்த் தாங்கித் தொகுதி இருக்கிறது. 1987 ஜூலை 29 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலேயே இரண்டு விடயங்கள் எழுதப்பட்டன: இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ கொடுப்பதில்லை, தாங்கிகளை இரு நாடுகளும் சேர்ந்து புனரமைப்பது. தாங்கி விடயம் 2022 ஜனவரியில்தான் ஒப்பந்தமாக முடிந்தது. 14 தாங்கிகள் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம். ஒரு கடித வரி ஒப்பந்தமாக 34 ஆண்டு எடுத்திருக்கிறது. கையெழுத்திட்டவர்கள் மறந்தாலும் எழுத்து நிற்கும்.

அம்பாந்தோட்டையைச் சீனா கடனுக்காகப் பறித்துக்கொண்டது என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. முதற்கட்டத்துக்குச் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியில் வாங்கிய 307 மில்லியன் டொலருக்கு 6.3 வீத வட்டி. அது மலிவான கடன் அல்ல. துறைமுகம் எதிர்பார்த்த வருமானத்தைத் தரவில்லை. 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்து 1.12 பில்லியன் டொலர் பெறப்பட்டது. ஆனால் அந்தப் பணத்தில் துறைமுகக் கடன் கழிக்கப்படவில்லை. பணம் நாட்டின் டொலர் கையிருப்புக்குப் போனது, கடன் அரசின் தலையிலேயே இருந்தது.

2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தபோது, மிகப் பெரிய சுமை சர்வதேசச் சந்தையில் விற்ற பிணைமுறிகள். அரச நிறுவனங்களின் கடனையும் சேர்த்தால் சீனாவின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. ஆகவே குற்றத்தை ஒரு நாட்டின் மேல் மட்டும் போடுவது பிழை. வருமானம் வருமா என்று கணக்குப் பார்க்காமல் கடன் எடுத்தது கொழும்பு. அந்தக் கணக்கைப் பாராளுமன்றத்திலோ வெளியிலோ ஒருவரும் விடாப்பிடியாகக் கேட்காததும் சேர்ந்துதான் இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது.

எங்கேயோ நடக்கும் போர் எப்படி வயலுக்குள் வருகிறது?

மூன்று வழியால் வரும்.

முதலாவது எண்ணெய். 2024 கணக்கில், உலகம் ஒரு நாளில் எரிக்கும் எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, அதாவது 20 மில்லியன் பீப்பாய், வளைகுடாவின் வாயிலில் உள்ள ஹோர்முஸ் நீரிணையால் வந்தது. அங்கே பதற்றம் என்ற சொல் போதும், விலை ஏறும். தடை என்னும் ஆயுதமும் இருக்கிறது. 1969இல் தொடங்கிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் ஈரானின் மசகு எண்ணெய்க்கு ஏற்றபடி அமைக்கப்பட்டது. 2012இல் அமெரிக்கா ஈரான்மேல் தடையை இறுக்கியபோது, எங்களுக்கும் ஈரானுக்கும் எந்தச் சண்டையும் இல்லாமலே அந்த நிலையம் தடுமாறியது. பழைய எண்ணெய்க் கடனைக் கட்ட டொலர் அனுப்ப வழியில்லாமல், 2021 டிசம்பரில் தேயிலையாகக் கொடுப்பதாக உடன்பட்டார்கள்.

இரண்டாவது கப்பற்கூலி. 2023 நவம்பர் முதல் செங்கடலில் யேமனின் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கியதால் பல கம்பனிகள் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றின. ஒரு பயணத்துக்கு 10 நாளுக்கு மேல் கூடுதலாகப் பிடிக்கும். அந்தச் செலவு இறக்குமதியாகும் எல்லாப் பொருளிலும் ஏறும்.

மூன்றாவது பசளை. வன்னிக்கு இதுதான் ஆகப் பெரியது. யூரியாவில் 46 வீதம் நைதரசன், காற்றிலுள்ள நைதரசனை யூரியாவாக்க இயற்கை வாயு வேண்டும். வாயு விலை ஏறினால் யூரியா ஏறும். எம்.ஓ.பி. என்று நாம் வாங்கும் பொட்டாசுக்கு ரஷ்யாவும் பெலாரஸும் உலகின் முன்னணி ஏற்றுமதி நாடுகள்; அவற்றின் மேல் தடை விழுந்தால் எங்கள் கமநல சேவை நிலையத்தில் மூடை குறையும். இதற்கு மேல் 2021 மே மாதம் அரசே இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது. அதற்கு மாற்றாகச் சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பலில் கெட்ட கிருமி இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். கப்பலுக்குப் பணம் கட்டாத மக்கள் வங்கியைச் சீனத் தூதரகம் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில் ஏறத்தாழ 6.7 மில்லியன் டொலர் கட்ட வேண்டியதாயிற்று, வயலுக்கு ஒரு மூடையும் வரவில்லை. 2021/22 காலபோகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அடுத்த போகத்துக்கு யூரியா இந்தியக் கடனில் வந்தது. ஒரு பசளை மூடையின் கதைக்குள் இரண்டு வல்லரசுகளும் எங்கள் அரசின் பிழையும் இருக்கின்றன.

சரி, கமக்காரர் கையில் என்ன இருக்கிறது?

விலையை எங்களால் பிடித்துவைக்க முடியாது. வீணாவதைக் குறைக்கலாம்.

மூன்று, மூன்றரை மாத நெல்லுக்கு நீர்ப்பாசன வயலில் ஏக்கருக்கு ஏறத்தாழ 90 கிலோ யூரியா போதும். பலர் அதற்கு மேல் எறிகிறார்கள். அதையும் ஒரே தடவையில் எறிந்தால் பாதி காற்றோடும் நீரோடும் போய்விடும். இரண்டாம், நான்காம், ஆறாம் கிழமைகளை ஒட்டிப் பிரித்துப் போடுங்கள். வயலில் தண்ணீரை வடித்து, மண் ஈரமாக இருக்கும்போது எறிந்து, பிறகு தண்ணீர் கட்டுங்கள். இலையின் பச்சை நிறத்தோடு ஒப்பிட்டுப் பசளை தேவையா என்று பார்க்கும் இலை நிற அட்டை ஒன்றைக் கமநல நிலையத்தில் கேட்டு வாங்கிவைத்தால், பயிர் கேட்காதபோது போடுவது நிற்கும்.

மூடையை நிலத்தில் வைக்க வேண்டாம். பலகை அடுக்கி, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, வாய் கட்டி வையுங்கள். யூரியாவையும் ரி.எஸ்.பி. என்ற பொஸ்பரஸ் பசளையையும் கலந்து வைத்தால் நீர்விட்டுப் பிசுபிசுத்துக் கட்டியாகும். எறியும் அன்று கலப்பதும் நல்லதல்ல.

மிக முக்கியமானது வைக்கோல். நெற்பயிர் எடுக்கும் பொட்டாசில் பெரும்பகுதி வைக்கோலில்தான் நிற்கிறது. வெட்டு மெசின் போன கையோடு நெருப்பு வைக்கும் வயல்களை ஒவ்வொரு பங்குனியிலும் ஏ9 வழியே பார்க்கலாம். புகையாகவும், முதல் மழையில் சாம்பலாகவும் போவது பெலாரஸிலிருந்து டொலர் கொடுத்து வாங்கும் பொருள். வைக்கோலைப் பரவி, அடுத்த விதைப்புக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன் மண்ணோடு புரட்டிவிடுங்கள். விதைப்புக்கு முதல் நாள் புரட்டினால் உக்கும்போது நைதரசனை இழுத்து நாற்று மஞ்சளாகும். அதைப் பார்த்துத்தான் பலர் "வைக்கோல் போட்டால் பயிர் பழுக்கும்" என்று கைவிட்டார்கள்.

இந்திய இழுவைப்படகுப் பிரச்சினையும் வல்லரசுப் போட்டியா?

இல்லை. அது இரண்டு கரையிலும் தமிழ் பேசும் தொழிலாளரிடையே உள்ள வாழ்வாதாரப் பிரச்சினை. ஆனால் வல்லரசுப் போட்டி அதன் தீர்வைத் தள்ளிப்போடுகிறது. கடல் எல்லை 1974, 1976 ஒப்பந்தங்களில் தெளிவாக இருக்கிறது. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. ஆனால் கடன், எரிபொருள், மின்சாரம் என்று டில்லியோடு பேச நிறைய இருக்கும்போது, மன்னாரிலும் முல்லைத்தீவிலும் அறுந்த வலை மேசையின் கடைசிக்குப் போய்விடுகிறது.

நட்டஈட்டுக் கோரிக்கைகள் பெரும்பாலும் விழுவது பதிவு இல்லாததால். வலை அறுந்த இரவே ஜி.பி.எஸ். காட்டும் அகலாங்கு நெட்டாங்கை எழுதுங்கள். கைத்தொலைபேசியில் அந்தத் திரையைப் படம் எடுப்பது இன்னும் நல்லது. நேரம், படகின் பதிவு இலக்கம் (தமிழ்நாட்டுப் படகென்றால் இந்தியாவையும் தமிழ்நாட்டையும் குறிக்கும் எழுத்துகளில் தொடங்கும்), இழந்த வலையின் கண் அளவு, துண்டு எண்ணிக்கை, வாங்கிய பற்றுச்சீட்டு. கரைக்கு வந்ததும் பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், கடற்றொழில் பரிசோதகர், சங்கம் மூன்றிலும் ஒரே விபரத்தைக் கொடுங்கள். ஒன்றில் ஆறு துண்டு, இன்னொன்றில் எட்டுத் துண்டு என்று எழுதினால் அந்தக் கோவை அங்கேயே முடிந்தது.

மன்னார் மணலிலும் காற்றிலும் வெளிநாட்டாருக்கு என்ன ஆசை?

மன்னார்த் தீவின் மணலிலும், கொக்கிளாயைத் தாண்டிப் புல்மோட்டைக் கரையிலும் இல்மனைற் என்ற கனிமம் இருக்கிறது. அதிலிருந்து வரும் தைத்தேனியத்தில் பெரும்பகுதி வெள்ளைப் பூச்சுக்குப் போகிறது, சிறு பகுதி உலோகமாகி விமானத்துக்கும் நீர்மூழ்கிக்கும் போகிறது. கூடவே சேர்க்கன், அருமண் (காந்தத்துக்கும் மின்னணுக் கருவிக்கும் வேண்டிய உலோகங்கள்) கொண்ட மொனசைற் என்ற கனிமங்களும் உண்டு. உலகின் அருமண் சுத்திகரிப்பில் சீனாவின் கை மிக ஓங்கியது. 2025 ஏப்ரலில் சில அருமண்களின் ஏற்றுமதிக்கு அது கட்டுப்பாடு போட்டது. அதனால் மற்ற நாடுகள் புது இடம் தேடுகின்றன. மன்னார்த் தீவு மணலை அவுஸ்திரேலியக் கம்பனியொன்று பல ஆண்டாக ஆராய்ந்து வருகிறது.

ஊர்ச்சனத்தின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. தீவின் நன்னீர், கீழே உள்ள உப்புநீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. மேல் மணலை அள்ளினால் அந்த வில்லையின் மேல் உள்ள பாதுகாப்பு போகும், கிணறு உவராகும். காற்றாலையில் சுழலும் விசிறியை விட, அதற்குப் போகும் கிறவல் வீதிகள் மாரி வெள்ளத்தை மறிப்பதுதான் நாளாந்தப் பிரச்சினை. ஆகவே ஆய்வறிக்கை வந்தால் எதிர்ப்பு ஆதரவு என்று மட்டும் பேசாமல், எத்தனை மீற்றர் ஆழம் தோண்டுவீர்கள், ஆவணியில் நீர்மட்டம் எங்கே நிற்கும், ஒவ்வொரு வீதிக்கும் எத்தனை மதகு, அதன் அகலம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பார்த்துக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 வேலைநாள் உண்டு. அறிவித்தல் பத்திரிகையில் வந்த நாளிலிருந்து அது ஓடும்.

ஒரு திட்டத்தின் ஒப்பந்தத்தை நாங்கள் பார்க்க முடியுமா?

கேட்கும் உரிமை இருக்கிறது. வன்னியில் ஆகக் குறைவாகப் பயன்படும் உரிமை அதுதான்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, வெளிநாட்டு நிதியில் 100,000 டொலருக்கு மேலும் உள்நாட்டு நிதியில் 500,000 ரூபாவுக்கு மேலும் உள்ள திட்டங்களை, தொடங்க மூன்று மாதத்துக்கு முன் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: அந்த அறிவித்தல் எங்கே, எந்தத் திகதியில் வந்தது?

விண்ணப்பத்துக்குப் படிவம் உண்டு, சாதாரணக் கடிதமும் போதும், தமிழில் எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. அந்தத் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்ட பற்றுச்சீட்டை அங்கேயே வாங்குங்கள். 14 வேலைநாளுக்குள் தருவோமா மாட்டோமா என்று சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதிலும் இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு. பற்றுச்சீட்டு இல்லாதவர் இந்த நாட்களை எண்ணத் தொடங்கவே முடியாது.

பிழை நடப்பது கேள்வியில். "ஏன் எங்கள் காணியைக் கொடுத்தீர்கள்?" என்றால் அது தகவல் அல்ல என்று திருப்புவார்கள். "இன்ன துண்டுக் காணியை விடுவித்த கடிதத்தின் பிரதி", "குத்தகை ஒப்பந்தத்தின் பிரதி", "கள ஆய்வு அறிக்கை" என்று ஆவணத்தின் பெயரால் கேளுங்கள். தேசிய பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, முடியாத வர்த்தகப் பேச்சு என்ற காரணங்களால் மறுக்க 5ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் மறைக்க வேண்டிய பந்தியை மட்டும் நீக்கி மீதியைத் தரவும் சட்டம் வழிசெய்கிறது. மேன்முறையீட்டில் அதை எழுதிக் கேளுங்கள்.

சீனக் கப்பல் வந்தால் இந்தியா ஏன் கொதிக்கிறது?

2022 ஓகஸ்ட் 16இல் அம்பாந்தோட்டைக்கு வந்த யுவான் வாங் 5, செய்மதியையும் ஏவுகணையையும் பின்தொடரும் கருவிகள் கொண்டது. கடலடியை அளக்கும் ஆய்வுக் கப்பல்கள் திரட்டும் தகவல் நீர்மூழ்கிக்கும் பயன்படும். 2023இல் இன்னொரு கப்பல் வந்த பின், 2024 ஜனவரியிலிருந்து ஓராண்டுக்கு எந்த நாட்டு ஆய்வுக் கப்பலும் வேண்டாம் என்று கொழும்பு நிறுத்திவைத்தது. எல்லோருக்கும் ஒரே விதி என்பது சரியான வழி. அதை முதற் கப்பலுக்கு முன்பே எழுதிவைத்திருந்தால் இரண்டு பக்கத்துக் கோபத்தையும் சம்பாதித்திருக்கத் தேவையில்லை.

இந்தப் போட்டியால் எங்கள் அரசியல் தீர்வுக்கு ஏதும் நன்மை வருமா?

இந்தக் கேள்வி வேதனையோடுதான் கேட்கப்படுகிறது, மழுப்பிப் பதில் சொல்லக் கூடாது. 1987 ஒப்பந்தத்தால் மாகாணசபையும் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தமும் வந்தன. அது ஒரு வல்லரசின் அழுத்தத்தால் வந்ததுதான். 2021 மார்ச்சில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை பற்றிய 46/1 தீர்மானம் 22 வாக்கால் நிறைவேறியபோது சீனா, ரஷ்யா உட்பட 11 நாடுகள் எதிர்த்தன, இந்தியாவும் ஜப்பானும் உட்பட 14 நாடுகள் வாக்களிக்காமல் விட்டன. ஒவ்வொரு நாடும் தன் தேவையைப் பார்த்தே கையை உயர்த்தியது. எங்கள் பிரச்சினை அவர்களுக்குக் கொழும்பை வளைக்கும் ஒரு பிடி. கொழும்பு வளைந்ததும் பிடியை விடுவார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் கோவைகளையும் காணி உறுதிகளையும் பெர்மிட்டுகளையும் பிரதி எடுத்து இரண்டு இடத்தில் பாதுகாப்பாக வைத்திருப்பது, எந்த நாட்டின் வாக்கையும் விட எங்கள் கையில் நிற்கும்.

பிள்ளைகள் ரஷ்யாவுக்குப் போகிறார்களே?

நிறுத்துங்கள். முகவர் ஐரோப்பாவுக்கு என்று ஏற்றி, ரஷ்யாவில் விளங்காத மொழியில் தாளில் கையெழுத்து வாங்கி, உக்ரேன் போர்முனைக்கு அனுப்பிய சம்பவங்கள் வடக்கிலும் நடந்துள்ளன. சுற்றுலா விசாவில் வேலை என்று ஒருவர் சொன்னால் அது பொய். முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். கடவுச்சீட்டு, ஒப்பந்தம், முகவருக்குப் பணம் கொடுத்த சீட்டு மூன்றின் படமும் வீட்டில் இருக்க வேண்டும்.

அப்படியென்றால் நாட்டின் உபாயம் எப்படி இருக்க வேண்டும்?

1952இல் இலங்கை சீனாவோடு செய்த இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர், பதிலுக்கு 270,000 தொன் அரிசி. அமெரிக்கா கோபித்து உதவியை நிறுத்தியது. ஆனாலும் அன்றைய அரசு மேற்குலகோடு உறவை வெட்டவில்லை, சீனாவின் முகாமுக்கும் போகவில்லை. கொடுக்கக் கையில் இறப்பர் இருந்ததால் பேரம் பேச முடிந்தது. 2022 மே தொடக்கத்தில் பயன்படுத்தக்கூடிய டொலர் 50 மில்லியனும் இல்லை என்று நிதியமைச்சர் சொன்ன நிலையில் யாரோடும் பேரம் பேச முடியாது, கேட்டதற்குத் தலையாட்டத்தான் முடியும்.

ஆகவே டொலர் கையிருப்பு, எரிபொருள் கையிருப்பு, இரண்டு மூன்று நாடுகளிலிருந்து பசளை, பாராளுமன்றத்துக்கு வரும் ஒப்பந்தங்கள் என்பவைதான் பாதுகாப்பின் அடிப்படை. வன்னியில் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு முகாமும் வேலியும் என்றே பொருள் ஆகிவிட்டது. விதைக்க வேண்டிய காணி வேலிக்குள் கிடந்தால் அந்த நாடு உணவுக்கு வெளியே கையேந்தும். அந்தக் கணக்கையும் தேசிய பாதுகாப்பில் சேர்க்க வேண்டும்.

திட்டம் வருகிறது என்று செய்தி வந்தால் எவ்வளவு நம்புவது?

எந்தப் படியில் இருக்கிறது என்று பாருங்கள். புரிந்துணர்வு உடன்படிக்கை என்றால் பேசச் சம்மதம், அவ்வளவுதான். 2025 ஏப்ரலில் இந்தியாவோடு மின்கட்டமைப்பை இணைப்பது பற்றிக் கையெழுத்தானது அந்தப் படி. அடுத்தது அமைச்சரவை அனுமதி, பிறகு விலை ஒப்பந்தம், பிறகு சுற்றாடல் அனுமதி, காணி, கடைசியில் வேலை. மன்னார்–பூநகரி அதானி காற்றாலைக்கு 2023 பெப்ரவரியில் அனுமதி கிடைத்தது, 2024 மேயில் அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்று விலை ஒத்துக்கொள்ளப்பட்டது, 2025 பெப்ரவரியில் கம்பனி விலகிக்கொண்டது. இடையில் திட்டம் வரும் என்று காணி விலையை ஏற்றி விற்ற தரகரை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அளவைக் கல் நாட்டும் முன் நில அளவைத் திணைக்களத்தின் அறிவித்தல் கிராம அலுவலரிடம் வந்திருக்கிறதா என்று போய்க் கேளுங்கள்.